முன்னே எழுதின கடுதாசி, பின்னே வந்த கடுதாசி

ஆத்தூர் வெத்தலைக் கொடிக்காலைத் தாண்டிக் கிழக்கே போனா, ரோடு கடல்ல போய் முட்டுற இடம் புன்னக்காயல். எழுத்துல புன்னைக்காயல், வாய்ல புன்னக்காயல். பொதிகையில பொறந்த தாமிரபரணி கடைசியா வந்து கடல்ல கலக்குறது இங்கதான். பக்கத்துல பழையகாயல், காயல்பட்டினம், கொஞ்சம் உள்ளே கொற்கை. முத்துக்குளிப்பு, போர்ச்சுகீசியர், சவேரியார், 1586ல் 'அடியார் வரலாறு' அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார்னு இந்த ஊரைப் பத்தி நம்ம மக்கள் நிறைய எழுதியாச்சு. நான் அந்தப் பக்கம் போகலை. இந்த ஊருக்கு வந்த கடுதாசி, இங்கேருந்து போன கடுதாசி, இதைப் பத்தி மட்டும் பேசப் போறேன்.

ஏன்னா அந்தக் கடுதாசிகளுக்குள்ள, 400 வருஷம் கழிச்சு கம்ப்யூட்டர்காரங்க மண்டையை உடைச்சுக்கிட்ட ஒரு சிக்கல் அப்படியே உக்காந்திருக்கு.

முதல்ல சிக்கலைச் சொல்லிடறேன். நாலு ஊர்ல நாலு பேர் இருக்காங்க. நேர்ல பாத்துக்க வழியில்லை, சேதி அனுப்பித்தான் பேசணும். சேதி வழியில தொலையலாம். ஒரே சேதி ரெண்டு தடவை வரலாம். முன்னே அனுப்பினது பின்னே வரலாம். சேதி போய்ச் சேரும்போது வாங்க வேண்டிய ஆளே உயிரோட இல்லாம இருக்கலாம். இத்தனைக்கும் நடுவுல நாலு பேரும் ஒரே முடிவோட நிக்கணும். முடியுமா?

'என்னய்யா பெரிய விஷயம்'னு தோணும். ஒரு பேங்க் கணக்கை எடுத்துக்குங்க. ஒரு மெஷின் படுத்தாலும் வேலை நிக்கக்கூடாதுன்னு உங்க கணக்கை ரெண்டு மூணு கம்ப்யூட்டர்ல பிரதி எடுத்து வச்சிருக்காங்கன்னு வைங்க. இருப்பு 500 ரூபாய். 1000 ரூபாய் வரவு ஒரு சேதி, 1200 ரூபாய் பற்று இன்னொரு சேதி. முதல் மெஷினுக்கு வரவு முதல்ல வருது, பற்று அப்புறம். மீதி 300. ரெண்டாவது மெஷினுக்குப் பற்று முதல்ல வருது. 'பணம் பத்தாது'ன்னு தள்ளிவிட்டுட்டு அப்புறம் வரவை வச்சுக்குது. மீதி 1500. ஒரு சேதி கூடத் தொலையலை. ரெண்டு மெஷினும் வந்ததை ஒழுங்காத்தான் செஞ்சுது. ஆனா உங்க பணம் 300ஆ 1500ஆ? வரிசை மாறினா கதையே மாறிப் போகும். சேதி போய்ச் சேர்ந்தாப் போதாது, எல்லாருக்கும் ஒரே வரிசையில போய்ச் சேரணும். அதுதான் கணக்கு.

சரி, 1544க்குப் போவோம்.

அந்த வருஷம் பிப்ரவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் சவேரியார் தன் கூட்டாளி பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு 25க்கு மேல கடிதம் எழுதியிருக்கார். புன்னக்காயல்ல இருந்து எழுதினதும் அதுல உண்டு. மணப்பாடு, தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலைன்னு கரையோரமா நடந்துக்கிட்டே எழுதினவர் அவர். எல்லாம் சின்னச் சின்னக் கடிதம். சிலது ரெண்டு மூணு நாள் இடைவெளியில எழுதினது. நம்ம எஸ்.எம்.எஸ். மாதிரின்னு வைங்களேன்.

அந்த வருஷம் ஜூன் மாசம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கரையூர்களுக்குள்ள புகுந்தது. பரதவர் சனம் வீட்டை விட்டு ஓடி, கடலுக்குள்ள இருக்கிற பாறைகள்ல போய் ஒண்டிக்கிச்சு. சோறில்லை, தண்ணியில்லை. சவேரியார் மணப்பாட்டுல இருந்து 20 தோணியில சாமான் ஏத்திக்கிட்டுக் கிளம்பினார். காத்து எதிர்க்காத்து. ஆனி மாசத்துக் கச்சான் அடிக்கும்போது மணப்பாட்டுல இருந்து தெற்கே தோணி விட்டவங்களுக்குத் தெரியும் அது என்னன்னு. போய்ச்சேர முடியாமத் திரும்பி வந்து, அதை ஜூன் 30ஆம் தேதி மான்சிலாசுக்கு எழுதுறார். அப்புறம் எழுதின கடிதங்கள்ல, நிலத்துப் பக்கம் ஆள் வச்சுக் கவனிக்கணும், படை வந்தா சனத்தைத் தோணியில ஏத்தணும்னு எச்சரிக்கை வருது.

இங்க ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சுப் பாருங்க. இனி சொல்றது என் கற்பனை. மணப்பாட்டுல இருந்து ரெண்டு பேருக்கு ஆள் போகுது: 'வடுகன் வர்றான், சனத்தைத் தோணியில ஏத்து'. தூத்துக்குடிக்குப் போன ஆள் கடல்வழியா சீக்கிரம் போயிட்டான். புன்னக்காயலுக்குப் போனவன் தேரிக்காட்டைச் சுத்திக்கிட்டு மெதுவா வர்றான். அதுக்குள்ள தூத்துக்குடிக்காரர் விசாரிச்சுட்டு, 'படை திரும்பிப் போயிடுச்சு, சனம் கரையேறலாம்'னு புன்னக்காயலுக்குச் சொல்லி அனுப்புறார். அந்தச் சேதி முதல்ல வந்து சேருது. புன்னக்காயல்காரர் 'நாம எங்க ஏறினோம், இவர் ஏன் இறங்கச் சொல்றார்'னு தலையைச் சொறியும்போது அடுத்த ஆள் மூச்சு வாங்க வந்து நிக்கிறான்: 'வடுகன் வர்றான், ஏறு!' ஊரே கடல்ல. வராத படைக்குப் பயந்து நடுக்கடல்ல பட்டினி.

ரெண்டு சேதியும் உண்மை. ரெண்டும் வந்து சேர்ந்துச்சு. ஆனா ஒண்ணைக் கேட்டுத்தான் இன்னொண்ணு பொறந்ததுங்கிற விஷயம் மட்டும் வழியில உதிர்ந்து போச்சு. குடும்ப வாட்ஸப் குரூப்புல 'ஐயோ, எப்போ?'ங்கிறது முதல்லயும் 'மாமா தவறிட்டாங்க'ங்கிறது அப்புறமும் வந்து விழுந்தா வயித்தைக் கலக்குமே, அதே சமாச்சாரம்தான்.

இது பக்கத்து ஊர்க் கதை. ஐரோப்பாவுக்குப் போற கடுதாசின்னா இன்னும் மோசம்.

லிஸ்பன்ல இருந்து கப்பல் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல்ல கிளம்பும், செப்டம்பர் வாக்குல கோவாவுக்கு வரும். இங்கேருந்து திரும்பறது டிசம்பர், ஜனவரியில. காத்து வச்ச சட்டம் அது, ராஜா நெனச்சாலும் மாத்த முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்க. 1548 டிசம்பர்ல கொச்சியில கப்பல் ஏறின கடுதாசி 1549 நடுவுல லிஸ்பன் போகும். அந்த வருஷக் கப்பல்தான் ஏற்கனவே கிளம்பிடுச்சே, அதனால பதில் 1550 வசந்தகாலக் கப்பல்லதான் ஏறும். 1550 செப்டம்பர்ல இந்தியா வரும். ஒரு கேள்விக்கு ஒரு பதில் வர 21 மாசம், அதுவும் கப்பல் முழுகாம இருந்தா. மலுக்குத் தீவுகள்ல இருந்து எழுதினா ரோமாபுரிப் பதில் வர 3 வருஷம் 9 மாசம் ஆகும்னு சவேரியாரே ஒரு கடிதத்துல கணக்குச் சொல்லியிருக்கார்.

கப்பல் முழுகத்தான் செஞ்சுது. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் எளிசு. ஒரே கடுதாசியை ரெண்டு மூணு பிரதி எடுத்து, ஒவ்வொண்ணையும் வேற வேற கப்பல்ல ஏத்துறது. மேலே 'முதல் வழி', 'இரண்டாம் வழி'ன்னு குறிச்சுடுவாங்க. அவங்க பாஷையில 'வியா'. கோவா சர்க்கார் அரசருக்கு எழுதினதும் இப்படித்தான், சேசு சபைக்காரங்க எழுதினதும் இப்படித்தான். இந்தியாவுல இருந்து போன சேசு சபைக் கடிதங்களை யோசேப் விக்கி என்கிற சுவிஸ் பாதிரியார் 18 பாகமாப் பதிப்பிச்சதுல, எந்தப் பிரதி எந்த வழியா வந்ததுங்கிற குறிப்பும் சேர்ந்தே இருக்கு.

பிரதி அனுப்பினா தொலையுற பயம் போச்சு. ஆனா புதுசா ஒரு தலைவலி: எல்லாப் பிரதியும் வந்து சேர்ந்துட்டா? '100 பொன் கொடு'ன்னு ரெண்டு பிரதி வந்தா 200 பொன் கொடுக்கிறதா? அதனாலதான் தேதி, ஊர், எத்தனையாவது வழின்னு குறிக்கணும். 'இது புதுச் சேதியா, பழைய சேதியோட இன்னொரு பிரதியா'ன்னு வாங்கறவருக்குத் தெரியணும். அப்புறம் பதில் எழுதும்போது 'நீங்க இன்ன தேதி எழுதினது கிடைச்சுது'ன்னு தொடங்கறது. இது வெறும் மரியாதை வாசகம்னு நான் ரொம்ப நாள் படிச்சுக்கிட்டிருந்தேன், அதுக்குள்ள ஒரு பெரிய வேலை ஒளிஞ்சிருக்கு. அந்த ஒரு வரி இருந்தாத்தான் அனுப்பினவருக்கு எது போச்சு, எது போகலைன்னு புரியும். போகாததைத் திரும்ப அனுப்பலாம்.

1974ல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் இன்டர்நெட்டுக்கு அடித்தளம் போட்டு எழுதின டிசிபி முறையில இருக்கிறதும் இந்த மூணுதான். சேதிக்கு வரிசை எண், 'கிடைச்சுது'ங்கிற பதில், பதில் வரலைன்னா மறுபடி அனுப்பறது. செர்ஃபும் கானும் போர்ச்சுகீசியக் கப்பல் தபாலைப் படிச்சாங்கன்னு நான் சொல்ல வரலை, சண்டைக்கு வந்துடாதீங்க :-) ஒரே மாதிரிக் கடல்ல விழுந்தவங்க ஒரே மாதிரி நீந்துறாங்க, அவ்வளவுதான்.

ஆனா டிசிபி ரெண்டு பேருக்கு நடுவுலதான் வரிசையைக் காப்பாத்தும். மூணாவது ஆள் நுழைஞ்சா? இங்கதான் உண்மையான சிக்கல்.

1549 அக்டோபர்ல ரோமாபுரியில இஞ்ஞாசியார், சவேரியாரை இந்தியாவுக்கும் அதுக்குக் கிழக்கே உள்ள நாடுகளுக்கும் மாகாணத் தலைவரா நியமிச்சுக் கடிதம் எழுதுறார். அப்போ சவேரியார் ஜப்பான்ல இருக்கார். அந்தக் கடிதம் அவர் கைக்கு வந்தது 1551 கடைசியில, திரும்பி வர்ற வழியில மலாக்காவுல. ரெண்டு வருஷம் தலைவரா இருந்திருக்கார், அது அவருக்கே தெரியாது.

இன்னொண்ணு இதைவிட உருக்கம். 1553 ஜூன் 28ஆம் தேதி இஞ்ஞாசியார், 'ஐரோப்பாவுக்குத் திரும்பி வாரும்'னு சவேரியாருக்குக் கடிதம் எழுதுறார். சவேரியார் சீனக் கரையோரம் சாங்சுவான் தீவுல 1552 டிசம்பர் 3ஆம் தேதியே கண்ணை மூடிட்டார். ஏறக்குறைய ஏழு மாசம் முன்னாடி செத்துப்போன ஆளுக்கு 'கிளம்பி வா'ன்னு கடுதாசி.

இப்போ ஒரு கேள்வி. இந்த ரெண்டுல எது முன்னே, எது பின்னே? காலண்டரைக் கேட்டா சாவு முன்னே, கடிதம் பின்னே. சந்தேகமே இல்லை. ஆனா அந்தச் சாவுக்கும் அந்தக் கடிதத்துக்கும் ஒட்டு உறவு கிடையாது. சாவு சேதி தெரிஞ்சு எழுதினதில்லை கடிதம். கடிதம் பாத்துச் செத்ததில்லை அவர். ஒண்ணோட காத்து இன்னொண்ணு மேல படவே இல்லை.

1978ல் லெஸ்லி லாம்போர்ட் எழுதின ஒரு கட்டுரையோட சாரம் இதுதான். பல இடத்துல பரவிக்கிடக்கிற கம்ப்யூட்டர்களுக்குக் கடிகார நேரத்தை நம்பி வரிசை போடாதே. 'இதுக்கு முன் அது' என்பதற்கு அவர் வச்ச இலக்கணம் ரொம்பச் சிக்கனம். ஒரே ஆள் அடுத்தடுத்து செஞ்சதுன்னா வரிசை உண்டு. ஒருத்தர் சேதி அனுப்பி இன்னொருத்தர் அதை வாங்கினா, அனுப்பினது முன்னே, வாங்கினது பின்னே. இந்த ரெண்டையும் சங்கிலியாக் கோத்துக்கிட்டே போலாம். சங்கிலியால எட்ட முடியாத ரெண்டு நிகழ்ச்சிக்கு முன்னே பின்னேங்கிற பேச்சே இல்லை, ரெண்டும் 'உடனிகழ்வு'. அப்புறம் ஒவ்வொரு மெஷினும் ஒரு எண்ணை வச்சுக்கிட்டு, வேலை செய்யச் செய்ய கூட்டிக்கிட்டே போகும். சேதி வந்தா அதுல உள்ள எண்ணையும் தன் எண்ணையும் பாத்து, பெரிசைவிட ஒண்ணு கூட வச்சுக்கும். கடிகாரமே இல்லாம ஒரு கடிகாரம். லாம்போர்ட்டுக்கு 2013ஆம் வருஷத்து டூரிங் விருது கிடைச்சதுக்கு இந்த மாதிரி வேலைகள்தான் காரணம்.

கடிகாரத்தை நம்பாதேன்னு சொல்றது சும்மா இல்லை. அண்ட்ரிக் அடிகளார் உயிரோட இருந்த காலத்துலயே 1582ல் போப் கிரகோரி காலண்டரைத் திருத்தினார். போர்ச்சுகல்ல அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. இந்தச் சேதியும் இந்தியாவுக்குக் கப்பல்லதானே வரணும்! அது வந்து சேர்ற வரைக்கும் அங்க ஒரு தேதி, இங்க ஒரு தேதி, நடுவுல 10 நாள் பள்ளம். அந்த இடைவெளியில எழுதின கடுதாசிகளைத் தேதி வரிசையில அடுக்கினா என்ன ஆகும்னு பாத்துக்குங்க.

இதுவரைக்கும் பாத்ததுல யாரும் அடிச்சுக்கலை. வரிசை குழம்பினா அடிதடி எப்படி வரும்னு பாக்க, இதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1526க்குப் போகணும். ஊர் கொச்சி. முத்துக்குளித்துறைக்குக் கேப்டன் போட்டு அனுப்பற அதிகாரம் இருந்தது போர்ச்சுகீசிய இந்தியாவின் கவர்னர் கையில. அந்தப் பதவிக்கே ரெண்டு பேர் நின்ன கதை இது.

கவர்னர் செத்துட்டா அடுத்த ஆள் யாருன்னு லிஸ்பனைக் கேட்டுப் பதில் வாங்க ரெண்டு வருஷம் ஆகும். அதனால ராஜா முன்கூட்டியே முத்திரை வச்ச உறைகளை அனுப்பி வச்சிருப்பார். கவர்னர் செத்தா முதல் உறையைப் பிரி. அதுல உள்ள ஆள் இல்லைன்னா அடுத்ததைப் பிரி. இந்த உறைக்கும் 'வியா'ன்னுதான் பேரு. நல்ல ஏற்பாடுதான். 1524 டிசம்பர்ல வாஸ்கோ ட காமா கொச்சியில செத்தப்போ உறையைப் பிரிச்சாங்க, என்றிக் த மெனேசஸ் கவர்னர் ஆனார், பிரச்சினை இல்லை.

1526 பிப்ரவரியில மெனேசசும் செத்துட்டார். அடுத்த உறையில இருந்த பேர் பெரோ மஸ்கரேனியஸ். அவரோ மலாக்காவுல கேப்டன். பருவக்காத்து பாத்துச் சேதி அனுப்பி, அவர் கிளம்பி வர வருஷம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமான்னு அடுத்த உறையையும் பிரிச்சாங்க. அதுல லோப்போ வாஸ் த சம்பாயோ, கொச்சிக் கேப்டன், கையெட்டுற தூரத்துல இருக்கார். 'மஸ்கரேனியஸ் வந்ததும் பதவியைக் கொடுத்துடறேன்'னு சத்தியம் வாங்கிக்கிட்டு உக்கார வச்சாங்க.

அந்த வருஷக் கப்பல் வந்தது. அதுல ராஜாவோட புது உறைகள். அதுல சம்பாயோ பேர் மஸ்கரேனியசுக்கு முன்னாடி!

முடிஞ்சுது கதை. சம்பாயோ கட்சி, 'புது ஆணை வந்தா பழைய ஆணை செல்லாது'ன்னுது. மஸ்கரேனியஸ் கட்சி, 'மெனேசஸ் செத்த அன்னைக்கு எந்த உறை செல்லுமோ அதைப் பிரிச்சு என் பேரைப் படிச்சாச்சு. புது உறை இனிமே சாகப் போறவருக்கு'ன்னுது. நீங்களே சொல்லுங்க, எது சரி? ராஜா புது உறைகளை எழுதி அனுப்பினப்போ மெனேசஸ் செத்தது அவருக்குத் தெரியாது, தெரிஞ்சிருக்கவும் முடியாது. லிஸ்பன்ல எழுதினதும் கேரளக்கரையில செத்ததும் உடனிகழ்வு. அதுக்குள்ள முன்னே பின்னே தேடி ரெண்டு கட்சி கட்டிக்கிட்டாங்க.

1527ல் மஸ்கரேனியஸ் கொச்சியில வந்து இறங்கப் பாத்தப்போ ஆயுதத்தோட எதிர்த்தாங்க, காயத்தோட திரும்பினார். அப்புறம் விலங்கு போட்டுக் கண்ணூர்ல அடைச்சாங்க. கண்ணூர்க் கேப்டனோ கடைசியில அவரையே கவர்னர்னு ஏத்துக்கிட்டு விடுவிச்சார். அந்தக் கோட்டைக்கு ஒரு கவர்னர், இந்தக் கோட்டைக்கு ஒரு கவர்னர். கம்ப்யூட்டர் பாஷையில இதுக்கு 'பிளவு மூளை'ன்னு பேரு. வருஷக் கடைசியில பஞ்சாயத்து வச்சு சம்பாயோ பக்கம் தீர்ப்பாச்சு. மஸ்கரேனியஸ் ஊருக்குப் போய் ராஜாகிட்ட முறையிட்டார். 1529ல் புதுக் கவர்னர் நூனோ த குன்யா வந்து சம்பாயோவைக் கைது பண்ணி லிஸ்பனுக்கு அனுப்பினார். மஸ்கரேனியசுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி அங்க தீர்ப்பு.

ரெண்டு உறையோட வரிசை. அதுக்கு மூணு வருஷச் சண்டை.

இதுல கவனிக்க வேண்டியது, மஸ்கரேனியஸ் சாகலை. தூரத்துல இருந்தார், அவ்வளவுதான். ஆனா கொச்சியில உக்காந்திருக்கிறவனுக்குச் செத்தவனும் ஒண்ணுதான், தாமதமா வர்றவனும் ஒண்ணுதான். ரெண்டு பேர்கிட்ட இருந்தும் சேதி வராது. ஃபிஷர், லின்ச், பேட்டர்சன்னு மூணு பேர் 1985ல் கணக்குப் போட்டே நிரூபிச்ச விஷயம் இதைச் சுத்தித்தான். சேதி எவ்வளவு நேரத்துல வரும்னு எந்த வரம்பும் இல்லாத ஏற்பாட்டுல, ஒரே ஒரு ஆள் படுத்துடக்கூடும்னாலே போதும், எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தே தீருவாங்கன்னு உத்தரவாதம் தர்ற திட்டவட்டமான வழிமுறை எதுவும் கிடையாது. 1996ல் சந்திராவும் டுவெக்கும் இன்னொரு முடிச்சை அவிழ்த்தாங்க: எல்லாருக்கும் ஒரே வரிசையில சேதி சேர்க்கிறதும், எல்லாரும் ஒரு முடிவுக்கு வர்றதும் வேற வேற சிக்கல் இல்லை, ஒண்ணைத் தீர்த்தா இன்னொண்ணும் தீரும்.

அப்போ வழியே இல்லையா? இருக்கு. அதுக்கு மறுபடி நம்ம கரைக்கு வரணும்.

1549 நடுவுல, முத்துக்குளித்துறைப் பாதிரிமாருக்குத் தலைவரா இருந்த அந்தோணி கிரிமினாலி வேதாளையில நடந்த சண்டையில கொல்லப்பட்டார். அடுத்த தலைவரை நியமிக்க வேண்டிய சவேரியாரோ அந்த ஏப்ரல்லயே கோவாவை விட்டு ஜப்பானுக்குக் கிளம்பிட்டார். கரையில மிச்சம் இருந்தது ஒரு சில பேர்தான். அவங்க உறை தேடலை, கப்பலுக்குக் காத்திருக்கலை. எட்டுற தூரத்துல இருந்தவங்க சேர்ந்து தங்களுக்குள்ளயே ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தாங்க. அவர்தான் என்றிக்கே என்றீக்கஸ், நம்ம அண்ட்ரிக் அடிகளார். புன்னக்காயலை மையமா வச்சு பல வருஷம் அவர்தான் தலைவர். அந்தத் தேர்வை எதிர்த்து இன்னொரு தலைவர் முளைக்கலை.

இன்னைக்கு இருக்கிற வழிமுறைகளோட நெஞ்சுக்கூடு இதுதான். உயிரோட இருக்கிறவங்க, ஒருத்தரை ஒருத்தர் எட்ட முடிஞ்சவங்க, மொத்த எண்ணிக்கையில பாதிக்கு மேல இருந்தா முடிவெடுக்கலாம். ஏன் பாதிக்கு மேல? ரெண்டு கூட்டம் தனித்தனியா முடிவெடுத்தாலும், பாதிக்கு மேல் உள்ள ரெண்டு கூட்டத்துல ஒரு ஆளாவது பொதுவா இருந்தே ஆகணும். அஞ்சு பேர்ல மூணு பேர் இங்க, மூணு பேர் அங்கன்னா ஒருத்தர் ரெண்டுலயும் இருப்பார். அவர் சொல்லிடுவார்: 'ஏற்கனவே முடிவாச்சுப்பா'. தேர்ந்தெடுத்த தலைவர், வர்ற சேதிக்கெல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண் போட்டுப் பேரேட்டுல எழுதுவார். பாதிக்கு மேல உள்ளவங்க தங்கள் பேரேட்டுல அதே எண்ணுல அதையே எழுதிக்கிட்டாத்தான் அது செல்லும். தலைவர் செத்தா மறுபடி தேர்தல். ஒவ்வொரு தலைவர் காலத்துக்கும் ஒரு எண் உண்டு. பழைய காலத்து எண்ணோட யாராவது வந்து உத்தரவு போட்டா, 'உம்ம காலம் முடிஞ்சுது ஓய்'னு திருப்பி அனுப்பிடுவாங்க. 1526ல் உறை மேல இந்த எண் இருந்து, எது எந்தக் காலத்துக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா மஸ்கரேனியசுக்கு விலங்கு மாட்டியிருக்க வேண்டாம்.

1985 சொன்ன தடை அப்படியேதான் இருக்கு. பாதிப் பேருக்கு மேல எட்டலைன்னா இந்த முறை முடிவெடுக்காம நிக்கும். ஆனா ரெண்டு முடிவு எடுக்காது. தாமதம் பரவாயில்லை, பிளவு கூடாது. இந்த ஒரு கொள்கையிலதான் கட்டிடமே நிக்குது.

கார்னெல் பல்கலைக்கழகத்துல கென் பர்மன் 1980கள்ல கட்டின ஐசிஸ் அமைப்பு இந்த வரிசைச் சேதி வேலையை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது. நியூயார்க் பங்குச் சந்தையில ஓடினது, பிரான்ஸ் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுல ஓடினது. லாம்போர்ட் தன்னோட பாக்சோஸ் முறையை 1990ல் ஒரு பழங்காலக் கிரேக்கத் தீவோட பாராளுமன்றக் கதையா எழுதி அனுப்பினார். கதையாச் சொன்னதால அதோட அருமை புரியலையோ என்னவோ, அச்சாக 1998 ஆச்சு. (அதுவும் தாமதமாப் போய்ச் சேர்ந்த சேதிதான்!) 2014ல் வந்த ராஃப்ட் முறை அதையே படிக்கிறவனுக்குப் புரியற மாதிரி சொன்னது. நான் மேலே சொன்ன தலைவர், பேரேடு, கால எண் எல்லாம் ராஃப்ட்டோட பாஷை.

இதையெல்லாம் ஏன் இங்க எழுதுறேன்னா, நம்மள்ல நிறைய பேர் ஊர் வரலாறு எழுதறோம். தேதியைத் தேடிக் கண்டுபிடிச்சு வரிசையா அடுக்கிட்டா வரலாறு ஆயிடுச்சுன்னு நினைக்கிறோம். அடுக்கினதும் கை அரிக்கும்: 'இவர் இப்படி எழுதின பிறகும் அவர் அப்படிச் செய்தார்', 'உத்தரவு வந்தும் கேக்கலை', 'தெரிஞ்சே விட்டுட்டாங்க'. வந்துதா? தெரியுமா? 1549க்கும் 1551க்கும் நடுவுல சவேரியார் தலைவர் மாதிரி நடந்துக்கலைன்னு ஒருத்தர் குறை சொன்னா அது நியாயமா? தேதி வரிசை வேற, அறிஞ்ச வரிசை வேற. ஒரு கடிதத்தைப் படிக்கும்போது அதோட தேதியைவிட முக்கியமான கேள்வி, 'இதை எழுதினப்போ இவர் கைக்கு என்னென்ன வந்து சேர்ந்திருந்தது?' அதைப் பார்க்காம யார் மேலயும் பழி போடக்கூடாது.

இன்னொண்ணும் உறுத்துது. இத்தனை கடுதாசி, இத்தனை பிரதி, இத்தனை வழி. ஆனா 1544ல் பாறை மேல ஒண்டிக்கிட்டுத் தாகத்துல தவிச்ச சனம் என்ன சொல்லிச்சு? அவங்க சேதியை எந்த வழியில யார் ஏத்தினாங்க? அது சவேரியார் கடிதத்துல அவர் வாய்மொழியாத்தான் நமக்கு வருது. வரிசை எண்ணும், 'கிடைச்சுது'ங்கிற பதிலும், மறுபிரதியும் எழுதினவங்களுக்குத்தான். எழுதாதவங்க சேதி ஒரே பிரதியா, ஒரே வழியில, வாய்வழியா வந்துக்கிட்டிருக்கு. புன்னக்காயல், மணப்பாடு, வேம்பார்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவங்க யாராவது வீட்டுப் பெரியவங்ககிட்ட அந்த ஓட்டத்தைப் பத்தி ஏதாவது கேட்டிருந்தா எழுதி வைங்க. யாருகிட்ட கேட்டது, அவங்க யாருகிட்ட கேட்டாங்கங்கிறதையும் சேர்த்து எழுதுங்க. ஒரு பிரதி மட்டும் உள்ள சேதி தொலைஞ்சா, மறுபடி அனுப்ப ஆள் கிடையாது.